உயிரணு எவ்வளவு இழுக்கிறது?

சென்ற மார்கழியில் ஓர் இரவு, விடுதி மெஸ் மூடும் நேரத்தில் ஓடிவந்து தட்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். அங்கே நம் சங்கத்து நண்பர்கள் நால்வர் உணவை முடித்துவிட்டுப் பேசிக்கொண்டிருந்தார்கள். அவர்களுள் வரலாறு பயிலும் நண்பர் ஒருவர், "நாள் தவறாமல் இந்த நேரத்துக்குத்தான் வருகிறாய். அந்த இருட்டறையில் அப்படி என்னதான் செய்கிறாய்?" என்று கேட்டார்.

"ஓர் உயிரணு எவ்வளவு பலமாக இழுக்கிறது என்று அளக்கிறேன்" என்றேன்.

"உயிரணு இழுக்கிறதா? எதை இழுக்கிறது? அதை எந்தத் தராசில் நிறுக்கிறாய்?" என்று அவர் அடுக்கவும் எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆயினும் அந்த மூன்றும் நல்ல கேள்விகள். சோறு ஆறிக்கொண்டிருந்த அவசரத்தில் அன்று அரைகுறையாகத்தான் விடை சொன்னேன். முழு விடையை மலரில் எழுதுகிறேன் என்று வாக்குக் கொடுத்தேன். அந்த வாக்கை இப்போது நிறைவேற்றுகிறேன். அத்துடன், இந்த வேலையில் நான் செய்த ஒரு பெரும் தவற்றையும் மறைக்காமல் சொல்லப்போகிறேன். ஆய்வு செய்ய விரும்பும் இளைய நண்பர்களுக்கு மற்றப் பகுதிகளைவிட அதுவே மிகுதியாகப் பயன்படக்கூடும்.

கல் போன்ற கட்டி

நான் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படித்தபோது என் அத்தைக்கு மார்பில் ஒரு கட்டி தோன்றியது. விடுமுறையில் ஊருக்குப் போயிருந்த என்னிடம், "நீ பௌதிகம் படிக்கிறாயே, சொல். சதைக்குள்ளே கல்லு மாதிரி இருக்கிறது. சதையில் கல் எப்படி வரும்?" என்று கேட்டார். எனக்கு விடை தெரியவில்லை. அத்தை இன்று இல்லை. அந்தக் கேள்வி மட்டும் என்னிடம் தங்கிவிட்டது. பௌதிகம் முடித்தவன் உயிரணுக்களை வளர்க்கும் ஆய்வுக்கூடத்துக்குள் நுழைந்ததற்கு அதுவே காரணம்.

மருத்துவரின் விரல் புற்றுக்கட்டியை அறிவது பெரும்பாலும் அதன் கடினத்தால்தான். ஆனால் கடினமான கட்டி எல்லாம் புற்று அன்று. மென்மையாக இருப்பதனாலேயே ஒரு கட்டி தீங்கற்றது என்றும் சொல்ல முடியாது. எந்தக் கட்டியையும் மருத்துவரிடம் காட்டிவிடுவதே நலம்.

சதையில் கடினம் எங்கிருந்து வருகிறது? நம் உடலின் உயிரணுக்கள் சுவரில் செங்கல் அடுக்கியதுபோலச் சும்மா கிடக்கவில்லை. அவற்றைச் சுற்றிலும் கொல்லாஜன் முதலிய புரத நார்களால் ஆகிய ஒரு வலை உண்டு. உயிரணுவின் உள்ளேயோ ஆக்டின் என்னும் புரதத்தாலான கயிறுகள் இருக்கின்றன. அக்கயிறுகளைப் பற்றி இழுப்பது மையோசின். நம் கைத்தசையைச் சுருங்கச் செய்வதும் இதே குடும்பத்துப் புரதமே. மையோசினின் ஒரு தலை ஒருமுறை இழுக்கும் விசை சில பிக்கோநியூட்டன்களே. ஒரு பிக்கோநியூட்டன் என்பது ஒரு நியூட்டனில் இலட்சம் கோடியில் ஒரு பங்கு. ஆனால் தேர்வடத்தைப் பற்றும் கைகள் பல அன்றோ? ஆயிரக்கணக்கான தலைகள் சேர்ந்து இழுக்கும்போது அந்த விசை உயிரணுவின் விளிம்பிலுள்ள பிடிப்புகளின் வழியே வெளியிலிருக்கும் நாருக்குச் செல்கிறது. நண்பரின் முதல் இரண்டு கேள்விகளுக்கும் இதுவே விடை. உயிரணு இழுக்கிறது, தன்னைச் சூழ்ந்த நார்வலையை இழுக்கிறது.

நலமான உயிரணுவும் இழுக்கத்தான் செய்கிறது. புண் ஆறும்போது அதன் வாய் சுருங்கி மூடுவது இத்தகைய இழுப்பினால்தான். புற்றில் இச்செயல் எல்லை மீறுகிறது. இழுபட்ட நார்கள் நேராகி, ஒரே திசையில் அணிவகுத்து, நெருங்குகின்றன. நார்களை ஒன்றோடொன்று பிணைக்கும் நொதியும் மிகுதியாகச் சுரக்கிறது. கட்டி இறுகுகிறது. சுற்றுப்புறம் இறுகியதை உணர்ந்த உயிரணு இன்னும் பலமாக இழுக்கிறது. அதனால் சுற்றுப்புறம் இன்னும் இறுகுகிறது. எலிகளின் மார்பகப் புற்றுகளில், கட்டியின் விளிம்பிலிருந்து வெளிநோக்கி நேராக நிற்கும் நார்களை ஒற்றையடிப் பாதையாகக் கொண்டு புற்றணுக்கள் நகர்வதை 2006 ஆம் ஆண்டிலேயே கண்டறிந்தார்கள். ஆகவே, இழுவிசையை அளப்பது வெறும் வேடிக்கை அன்று.

எந்தத் தராசு?

இனி மூன்றாம் கேள்வி. விசையைக் கண்ணால் பார்க்க முடியாது. விசையால் ஒரு பொருள் எவ்வளவு வளைந்தது, நீண்டது, நகர்ந்தது என்பதையே பார்க்க முடியும். சுருள்வில் தராசில் நாம் படிப்பது எடையை அன்று; வில் நீண்ட அளவையே படிக்கிறோம். வில்லின் விறைப்பு முன்பே தெரிந்திருப்பதால் எடையைக் கணக்கிடுகிறோம். உயிரணுவின் இழுப்பை அளப்பதும் இவ்வாறே. மிக மெல்லிய வில் ஒன்று வேண்டும்; அவ்வளவுதான்.

முதல் வில்லை 1980 ஆம் ஆண்டு அமெரிக்காவில் ஆல்பர்ட் ஹாரிஸ், பாட்ரிஷியா வைல்டு, டேவிட் ஸ்டோபக் ஆகிய மூவர் அமைத்தார்கள். சிலிக்கோன் எண்ணெயின் மேற்பரப்பில் ஒரு நொடி தீச்சுடரைக் காட்டினால், காய்ந்த பாலின் மேல் ஆடை படிவதுபோல மெல்லிய ரப்பர்த் தோல் ஒன்று உண்டாகிறது. அதன்மேல் உயிரணுக்களை வளர்த்தார்கள். கட்டிலில் விரித்த வேட்டியைக் கையால் கூட்டி இழுத்தால் மடிப்பு விழுவதுபோல, உயிரணுவின் அடியில் சுருக்கங்கள் விழுந்தன. உயிரணுவின் இழுப்பு கண்ணுக்குத் தெரிந்தது.

இங்கே ஒரு செய்தியை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன். உறைந்த இரத்த நீரில் திசுத்துண்டை வளர்க்கும்போது அதைச் சுற்றி நார்கள் இழுபட்டு நிற்பதை முன்னோர் பல ஆண்டுகளுக்கு முன்பே கண்டிருந்தார்கள். ஆனால் அது நீர் வற்றியதால் ஏற்பட்ட சுருக்கம் என்றே எண்ணி வந்தார்கள். ஹாரிஸ் குழுவினரின் ரப்பர்த் தோலில் அதே வடிவம் தோன்றியது. உயிரணுவின் இழுப்பே அதை உண்டாக்க முடியும் என்பது புலனாயிற்று. உயிரணுவின் விசையை வேறொன்றின் விளைவாக எண்ணியது பழையவர்களின் பிழை. நான் செய்தது இதற்கு நேர் எதிரான பிழை.

சுருக்கத்தைக் கண்டு விசை உண்டு என்று சொல்லலாம். எவ்வளவு என்று சொல்வது கடினம். ஆகவே அடுத்து வந்தது ஜெல். புரதங்களைப் பிரிப்பதற்கு ஆய்வுக்கூடங்களில் பயன்படும் பாலி அக்ரிலமைடு ஜெல்லையே எடுத்துக்கொண்டார்கள். இளம் நுங்குபோல மென்மையாகவும் செய்யலாம். முற்றிய நுங்குபோல விறைப்பாகவும் செய்யலாம். சேர்க்கும் பொருள்களின் விகிதத்தை மாற்றினால் போதும். பெல்ஹாம், வாங் இருவரும் 1997 இல் இத்தகைய ஜெல்லின் மேல் கொல்லாஜன் பூசி உயிரணுக்களை வளர்த்து, விறைப்புக்கு ஏற்ப உயிரணுவின் நடத்தை மாறுவதைக் காட்டினார்கள். 1999 இல் டெம்போவும் வாங்கும் ஜெல்லுக்குள் ஒளிரும் நுண்மணிகளைப் பதித்து, அவை நகர்ந்த தொலைவிலிருந்து விசையைக் கணக்கிட்டார்கள்.

முறை இதுதான். உயிரணு ஜெல்லைப் பற்றி இழுத்துக்கொண்டிருக்கும்போது மணிகளை ஒரு படம் எடுக்கிறோம். பிறகு டிரிப்சின் என்னும் நொதிக் கரைசலை ஊற்றி உயிரணுவின் பிடிப்பை அறுத்துவிடுகிறோம். இழுப்பு நின்றதும் ஜெல் தன் இயல்பான நிலைக்குத் திரும்புகிறது. அப்போது இரண்டாவது படம். இரண்டையும் ஒப்பிட்டால் ஒவ்வொரு மணியும் எவ்வளவு நகர்ந்தது என்று தெரியும். நகர்வு ஒரு மைக்ரான் இருந்தால் மிகுதி. அதாவது ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு.

நகர்விலிருந்து விசைக்குப் போவதற்குக் கணக்கு வேண்டும். மீள்தன்மை உடைய ஒரு பொருளின் சமதளத்தில் ஓரிடத்தில் அழுத்தினால் மற்ற இடங்கள் எவ்வளவு நகரும் என்பதைப் பிரெஞ்சு அறிஞர் பூசினெஸ்க் 1885 ஆம் ஆண்டு நூலில் தீர்த்து வைத்திருக்கிறார். கட்டடத்தின் பாரத்தால் நிலம் எவ்வளவு அமுங்கும் என்று கணக்கிட நம் பொறியியல் நண்பர்கள் படிப்பதும் அவர் தீர்வையே. நாங்கள் அதைத் தலைகீழாகச் செய்கிறோம். நிலம் அமுங்கியதைப் பார்த்து, அதன்மேல் நிற்பதன் பாரத்தைக் கணக்கிடுகிறோம். தலைகீழ்க் கணக்கில் ஓர் ஆபத்து உண்டு. மணியின் இடத்தைக் குறிப்பதில் சிறு பிழை நேர்ந்தாலும் விசையில் அது பெரிதாகிவிடும்.

வேறு ஒரு தராசும் இருக்கிறது. 2003 இல் வெளிவந்த ஒரு முறையில், ஜெல்லுக்குப் பதிலாக ரப்பரால் நுண்ணிய தூண்களை, புள்ளிக்கோலத்தின் புள்ளிகள்போல வரிசையாக நட்டு, அவற்றின் தலைமேல் உயிரணுவை வளர்த்தார்கள். எந்தத் தூண் எவ்வளவு சாய்கிறதோ அவ்வளவு விசை. இங்கே கணக்கு எளிது. தூண் நேராக நிற்க வேண்டிய இடமும் முன்பே தெரியும். ஆனால் உயிரணு தூண்களின் தலைகளை மட்டுமே பற்ற முடியும். உடலில் அவ்வாறான தரை எங்கும் இல்லை.

சிறிது கணக்கு

ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஒரு நியூட்டன் விசை இயங்கினால் அந்தத் தகைவை ஒரு பாஸ்கல் என்கிறோம். பரந்து ஒட்டியிருக்கும் ஓர் உயிரணுவின் அடிப்பரப்பு 1,000 சதுர மைக்ரான் என்றும், அது சராசரி 300 பாஸ்கல் தகைவோடு இழுக்கிறது என்றும் கொள்வோம். இவை இத்துறையில் இயல்பாகக் காணும் அளவுகளே. பெருக்கினால் மொத்த விசை 300 நானோநியூட்டன் வருகிறது. இது ஏறத்தாழ 30 மைக்ரோகிராமின் எடை. சாப்பாட்டு மேசையிலுள்ள பொடியுப்பின் ஒரு துகளில் பாதி இருக்கலாம்.

இவ்வளவுதானா என்று கேட்காதீர்கள். 20 மைக்ரான் விட்டமுள்ள உயிரணுவின் சொந்த எடை எவ்வளவு என்று பாருங்கள். அது நான்கு நானோகிராம் அளவே. அப்படியானால் உயிரணு தன் எடையைப்போல் 7,000 மடங்குக்கு மேல் இழுக்கிறது! சிறிய உயிர்கள் தம் எடையை நோக்க வலியனவாகத் தோன்றுவது இயல்பு என்பதையும் இங்கே சேர்த்து எண்ண வேண்டும். உருவம் சிறுக்கும்போது எடை, வலிமையைவிட விரைவாகக் குறைகிறது. எறும்பின் பெருமையும் அதுவே.

புற்றணு மிகுதியாக இழுக்கிறதா?

2005 இல் வாலரி வீவர் குழுவினர் எலியின் மார்பகத்தை அளந்தபோது, நலமான திசுவின் விறைப்பு ஏறத்தாழ 170 பாஸ்கல். கட்டியின் விறைப்போ ஏறத்தாழ 4,000 பாஸ்கல். இருபது மடங்குக்கு மேல்! மென்மையான ஜெல்லில் வளர்ந்த மார்பக உயிரணுக்கள், நடுவில் வெற்றிடம் உள்ள அழகிய உருண்டைகளாக ஒழுங்காக அமைந்தன. விறைப்பான ஜெல்லில் அதே உயிரணுக்கள் ஒழுங்கு இழந்தன, இழுப்பும் கூடியது. அத்தையின் கேள்விக்கு இதில் ஒரு பகுதி விடை உண்டு.

ஆனால் பரவும் புற்றணு பரவாத அணுவைவிட மிகுதியாக இழுக்குமா? 2012 இல் வெளிவந்த ஓர் ஆய்வு மனிதரின் மார்பகம், புரோஸ்டேட் சுரப்பி, நுரையீரல் ஆகியவற்றின் உயிரணுக்களை அளந்து, பரவும் திறன் மிக்கவை மிகுதியாக இழுக்கின்றன என்றது. அதற்கு முந்தைய ஆண்டு வந்த வேறோர் ஆய்வோ, எலியின் மார்பகப் புற்றணு வகைகளை அளந்து, பரவும் திறன் மிகுந்தவை குறைவாகவே இழுக்கின்றன என்றது. இரண்டும் திறமையாகச் செய்யப்பட்டவை. உயிரணு வகை, ஜெல்லின் விறைப்பு, அதன்மேல் பூசிய புரதம் ஆகியவற்றைப் பொறுத்து விடை மாறுகிறது என்றே கொள்ள வேண்டும். பாடநூலில் இரண்டே வரியில் எழுத விரும்புவோருக்கு இது ஏமாற்றமாக இருக்கும். இயற்கை நமக்காக வரிகளைச் சுருக்கிக்கொள்வதில்லை.

என் தவறு

இந்த வழக்கில் நானும் ஒரு சாட்சி சொல்லலாம் என்று புறப்பட்டேன். நலமான மார்பக உயிரணுக்களை மழைக்காலத்தில் அளந்தேன். புற்றணுக்களைக் குளிர்காலத்தில் அளந்தேன். நான்கு மாத உழைப்பு; அறுபதுக்கு மேற்பட்ட உயிரணுக்கள். புற்றணுக்கள் இரண்டு மடங்கு இழுப்பதாகக் கணிப்பொறி வண்ணப்படம் வரைந்து தந்தது. மையத்தை நோக்கிப் பாயும் அம்புகள், நடுவே சிவப்பு. அப்படத்தைப் பார்த்துப் பார்த்து மகிழ்ந்தேன். "ஒன்று கண்டுபிடித்துவிட்டேன்" என்று அம்மாவிடம் தொலைபேசியில் சொன்னேன். ஓர் ஆய்வு மாநாட்டுக்குச் சுருக்கமும் அனுப்பிவிட்டேன்.

பேராசிரியர் படத்தை நெடுநேரம் பார்த்தார். நடுவிலிருந்த சிவப்பை அவர் கவனித்ததாகவே தெரியவில்லை. மூலையைத் தொட்டுக் காட்டி, "இங்கே உயிரணு உண்டா?" என்று கேட்டார்.

"இல்லை, சார்."

"பின் இங்கிருக்கும் மணிகள் ஏன் நகர்ந்திருக்கின்றன?"

என்னால் விடை சொல்ல முடியவில்லை. "வெறும் ஜெல்லை அளந்து பார்த்தாயா?" என்று மட்டும் கேட்டுவிட்டு அவர் எழுந்து போனார்.

அன்றிரவே உயிரணு ஒன்றுகூட இல்லாத ஜெல்லை நுண்ணோக்கியின் கீழ் வைத்தேன். படம் எடுத்தேன், டிரிப்சின் ஊற்றினேன், மீண்டும் படம் எடுத்தேன், கணிப்பொறியிடம் கொடுத்தேன். மையத்தை நோக்கிப் பாயும் அம்புகளோடு, இல்லாத உயிரணுவின் இழுவிசையை அது வரைந்து காட்டியது! அந்தத் திரையின் முன் நான் எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேன் என்று எனக்கே தெரியாது.

காரணம் பிறகு தெரிந்தது. மழைக்காலத்தில் கரைசலை 37 டிகிரிக்குச் சூடாக்கி ஊற்றினேன். குளிர்காலத்தில் இரவு நேரம் ஆகிவிடுகிறதே, மெஸ் மூடிவிடுமே என்ற அவசரத்தில் குளிர்பெட்டியிலிருந்து எடுத்தபடியே ஊற்றினேன். குளிர்ந்த நீர் பட்டதும் தட்டும் ஜெல்லும் சிறிது அசைந்து நுண்ணோக்கியின் குவியம் மாறியது. படம் நடுவிலிருந்து நாற்புறமும் மிகச் சிறிதளவு விரிந்தது. இழுப்பு நின்று ஜெல் தளர்ந்தாலும் மணிகள் அவ்வாறுதானே வெளிநோக்கி நகரும்? குளிர்ச்சியின் வேலையை நான் புற்றணுவின் கணக்கில் எழுதிவிட்டேன். முன்னோர் உயிரணுவின் இழுப்பை நீர் வற்றியதன் கணக்கில் எழுதினார்கள் என்றேனே, நினைவிருக்கிறதா? அவர்களைப் படித்துச் சிரித்தவன் நான்.

மாநாட்டுச் சுருக்கத்தைத் திரும்பப் பெற்றேன். நான்கு மாதத்து அளவுகளையும் ஒதுக்கினேன். அம்மாவிடம் சொல்வதுதான் எல்லாவற்றிலும் கடினமாக இருந்தது. "தப்பு என்று நீயே கண்டுபிடித்தாயா, பிறர் கண்டுபிடித்தார்களா?" என்று கேட்டார். "சார் கேட்டார், நான் கண்டுபிடித்தேன்" என்றேன். "அப்படியானால் சரி" என்றார்.

இப்போது வேறு விதமாக வேலை செய்கிறேன். கரைசல் எப்போதும் 37 டிகிரி. ஊற்றியபின் அரைமணி நேரம் காத்திருப்பேன். ஒவ்வொரு நாளும் ஒரு வெறும் ஜெல்லை அளப்பேன். மூலையிலுள்ள மணிகள் நகர்ந்திருந்தால் அந்தப் படத்தை ஏற்பதில்லை. நலமான அணுக்களையும் புற்றணுக்களையும் ஒரே நாளில் கலந்து அளக்கிறேன். எந்தத் தட்டில் எது என்பது கணக்கு முடியும்வரை எனக்குத் தெரியாதபடி ஒரு தம்பி எண் மட்டும் இட்டு வைக்கிறான். இம்முறையில் கிடைத்த வேறுபாடு முன்பு கண்டதில் சிறு பகுதியே. ஒரே வகை உயிரணுக்களுக்குள்ளேயே ஒன்றுக்கொன்று உள்ள வேறுபாடு அதைவிடப் பெரிதாக இருக்கிறது. ஆகவே என் சாட்சி இன்னும் முடியவில்லை.

இனி

உடலில் உயிரணு தட்டையான தரையில் வாழ்வதில்லை. நார்களால் எப்புறமும் சூழப்பட்டிருக்கிறது. அந்த நிலையிலேயே அளக்கும் முறைகள் வந்துவிட்டன. 2010 இல் ஜெல்லுக்குள் புதைந்த உயிரணுவின் இழுப்பை முப்பரிமாணத்தில் அளந்தார்கள். 2016 இல் ஜெர்மனியின் எர்லாங்கன் குழுவினர் கொல்லாஜன் வலைக்குள் ஊர்ந்து செல்லும் மார்பகப் புற்றணுக்களின் விசையை அளந்தார்கள். கொல்லாஜன் இழுக்க இழுக்க விறைப்பது, அழுத்தினால் துவண்டுவிடுவது. அதனால் கணக்கு மேலும் கடினம்.

இதனால் நோயாளிக்கு என்ன பயன் என்று கேட்பீர்கள். திசுவின் விறைப்பை ஒலியலைகளால் அறியும் கருவிகள் மருத்துவமனைகளுக்கு வந்துவிட்டன. மருந்தின் கதை அவ்வளவு எளிது அன்று. நார்களைப் பிணைக்கும் நொதி ஒன்றைத் தடுக்கும் மருந்தைக் கணையப் புற்றுநோயாளருக்குக் கொடுத்துச் சோதித்தார்கள். எதிர்பார்த்த பயன் கிடைக்கவில்லை. இழுப்பு நோயின் ஒரு பகுதியே, முழுவதும் அன்று. ஆனால் சரியாக அளக்கப்படாத ஒன்றைக் குறிவைத்து மருந்து செய்ய முடியாது. தவறாக அளக்கப்பட்ட ஒன்றைக் குறிவைத்தாலோ, ஒரு நோயாளியின் நாட்கள் வீணாகும். மூலையிலிருந்த மணிகளைப் பேராசிரியர் பாராமல் விட்டிருந்தால் என் அம்புப்படமும் அந்த வழியில் ஒரு கல்லாகக் கிடந்திருக்கும்.

சதையில் கல் எப்படி வரும் என்று அத்தை இன்று கேட்டால் இவ்வளவு சொல்வேன்: "அது கல் அன்று, அத்தை. உள்ளேயிருக்கும் நார்களைச் சின்னஞ்சிறு உயிரணுக்கள் இழுத்து முறுக்கிக் கட்டியிருக்கின்றன. எவ்வளவு இழுக்கின்றன என்று இப்போதுதான் அளக்கக் கற்றுக்கொள்கிறோம்."

வரலாற்று நண்பருக்கு ஒரு வேண்டுகோள். சனிக்கிழமை மாலை ஆய்வுக்கூடத்துக்கு வந்தால் ரப்பர்த் தோலில் விழும் சுருக்கங்களை நுண்ணோக்கியில் காட்டுகிறேன். மற்ற நண்பர்களும் வரலாம். மெஸ் மூடுவதற்குள் எல்லோரும் திரும்பிவிடலாம்; நான் இப்போதெல்லாம் அவசரப்படுவதில்லை.